பாட்டி முணுமுணுத்த ராகமும் பேரனின் செல்போனும்

ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நம் பெட்டிகளில் என்னென்ன இருக்கும்? ஒரு பாட்டில் மாவடு, ஒரு கட்டு அப்பளம், அரைத்த காபிப்பொடி, சாம்பார்ப் பொடி. இவற்றுக்கு நடுவே, உடையாமல் இருக்கத் துண்டில் சுற்றிய நாலு கேஸட்! 1980-களிலும் 90-களிலும் கல்கத்தாவில் குடித்தனம் நடத்திய தமிழர் யாரும் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரிக்கார்டிங் சென்டரில் ஒரு நோட்டுத் தாளில் பாட்டுகளின் பெயரை எழுதிக் கொடுப்போம். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க சார்" என்பார் கடைக்காரர். அறுபது நிமிட கேஸட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு. ஏழாவது பாட்டு பல்லவியோடு நின்றுபோகும். அந்தப் பாட்டை இன்று முழுதாகக் கேட்டால்கூட, பல்லவி முடிந்ததும் "டக்" என்ற சத்தத்தை என் காது எதிர்பார்க்கிறது. பழக்க தோஷம்!

இன்று அந்தக் கவலை இல்லை. லேக் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே எம்.கே.தியாகராஜ பாகவதரையும் கேட்கலாம், நேற்று வெளியான பாட்டையும் கேட்கலாம். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? கேஸட் நாலே நாலு இருந்தபோது அந்த நாலையும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தோம். இன்று கோடிக்கணக்கான பாட்டுகள் கைக்குள் இருக்க, "என்ன கேட்கலாம்?" என்று யோசித்தே அரை மணி போய்விடுகிறது.

இந்த இண்டர்நெட் சங்கீதத்தில் நான் பட்ட அவஸ்தைகளையும், கற்றுக்கொண்ட சில உபாயங்களையும், எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே கணக்கு, மூன்று தலைமுறை

முதலில் அவஸ்தை. சிக்கனம் கருதி வீட்டில் எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு பாட்டுச் செயலிக்குச் சந்தா கட்டினேன். காலை ஐந்து மணிக்கு அம்மா எம்.எஸ். அவர்களின் வேங்கடேச சுப்ரபாதம் கேட்பார். எட்டு மணிக்கு என் மனைவி சமையலறையில் இளையராஜா. பகலில் ஆபீஸ் போகும் வழியில் மெட்ரோவில் நான் பி.பி.ஸ்ரீநிவாஸ். இரவில் ஒன்பதாவது படிக்கும் என் மகன், கதவைச் சாத்திக்கொண்டு, யாரோ யாரையோ திட்டுவது போன்ற ஒரு வகை இங்கிலீஷ் பாட்டு.

அந்தச் செயலி என்ன செய்யும், பாவம்! இவையெல்லாம் ஒரே ஆள் கேட்பதாக நினைத்துக்கொண்டு, "உங்களுக்காகவே தொகுத்தது" என்று ஒரு பட்டியல் கொடுத்தது. முதல் பாட்டு கந்த சஷ்டி கவசம். இரண்டாவது கொலவெறி. மூன்றாவது, என் மகனுடைய திட்டு மகாத்மியம். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தபோது கவசம் முடிந்து தானாகவே அந்த மூன்றாவது ஆரம்பித்தது. "இது யாரு, நம்ம ஊரு கணியான் கூத்து மாதிரி இருக்கே?" என்று கேட்டுவிட்டு அம்மா அதையும் முழுதாகக் கேட்டார். அவருக்கு எல்லாமே பாட்டுதான்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் எட்டயபுரம் பக்கம். சிறு வயதில் வீட்டுக்கு வந்த ஒரு பாட்டு வாத்தியாரிடம் ஏழெட்டு வருடம் கற்றுக்கொண்டவர். மேடை ஏறியதில்லை. நவராத்திரி கொலுவிலும், அடுப்படியிலும்தான் கச்சேரி. அப்பா காலமான பிறகு எங்களோடு கொல்கத்தாவுக்கு வந்துவிட்டார். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் சென்னை மெயிலில் உட்கார்ந்து வந்த அம்மாவுக்கு, இங்கே பேசத் துணையாக இருந்தது நாங்கள் மூன்று பேரும் அந்தப் பாட்டுகளும்தான். பக்கத்து வீட்டு வங்காளி மாஷிமா ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு வங்காளம் தெரியாது. ஆனாலும் இருவரும் பால்கனியில் நின்று தினமும் அரை மணி பேசிக்கொள்வார்கள். என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்!

பேச்சு நின்றது, பாட்டு நிற்கவில்லை

போன வருடம் ஐப்பசியில் ஒரு காலை, அம்மா கையிலிருந்த காபி டம்ளர் கீழே விழுந்தது. வலது கை தூக்க வரவில்லை. வாய் குழறியது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பக்கவாதம், மூளையின் இடது பக்கத்தில். பெரும்பாலோருக்குப் பேச்சை ஆளும் பகுதி இருப்பதும் அந்தப் பக்கம்தான். உயிருக்கு ஆபத்தில்லை, கையும் மெல்ல வந்துவிடும் என்றார்கள். ஆனால் பேச்சு? "பொறுத்துப் பார்க்க வேண்டும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தபின் அம்மாவுக்கு நாங்கள் பேசுவது புரிந்தது. பதில் சொல்ல நினைப்பார். வார்த்தை தொண்டை வரை வந்து நின்றுவிடும். "தண்ணி" என்று கேட்க நினைத்து வேறேதோ வரும். அது தவறு என்று தெரிந்து அவரே தலையில் அடித்துக்கொள்வார். பார்க்கச் சகிக்காது.

பத்து நாள் கழித்து, ஒரு மாலையில் அம்மா முணுமுணுக்க ஆரம்பித்தார். வார்த்தை ஒன்றுகூட இல்லை. "ம்... ம்ம்..." என்று ராகம் மட்டும். சுருதி பிசகவில்லை! நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இது ஏதோ அதிசயம் என்று நினைத்தேன். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் விளக்கினார். பேச முடியாமல் போனவர்களில் சிலரால் பாட முடியும். ராகத்தைக் கையாள்வதில் மூளையின் வலது பக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டாம். இதை வைத்தே, ராகம் போட்டுச் சொல்ல வைத்துப் பேச்சைத் திருப்பும் ஒரு பயிற்சி முறையை 1970-களில் அமெரிக்காவில் உருவாக்கியிருக்கிறார்கள். "அவருக்கு நன்றாகத் தெரிந்த பாட்டுகளைப் போடுங்கள், கூடச் சேர்ந்து பாடுங்கள்" என்றார்.

தெரிந்த பாட்டுகளைப் போட்டோம். ஆனால் அம்மாவோ தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அதே ஒரு ராகத்தை மறுபடி மறுபடி முணுமுணுத்தார். "இது என்ன பாட்டு, கண்டுபிடி" என்று கண்ணாலேயே என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. சங்கீதம் கற்றுத் தர எத்தனையோ முறை அம்மா கூப்பிட்டபோது தெருவில் கிரிக்கெட் ஆடப் போனவன் நான். அதற்குத் தண்டனையாக, இப்போது அம்மா கேட்ட ஒரே கேள்விக்கும் பதில் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

செல்போன் ஜோசியம்

"பாட்டி பாடறத போன்ல கேக்க வைங்கப்பா. அது சொல்லிடும்" என்றான் மகன், ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி.

முதலில் ஷஸாம் என்ற செயலியைப் போட்டோம். ஹோட்டலிலோ கல்யாண வீட்டிலோ ஒலிக்கும் பாட்டு என்னவென்று நொடியில் சொல்லும் கெட்டிக்காரச் செயலி அது. 2002-இல் இங்கிலாந்தில் இது வந்தபோது செயலியே கிடையாது. 2580 என்ற எண்ணுக்கு டயல் செய்து, ரிசீவரைப் பாட்டின் பக்கம் நீட்டினால், பாட்டின் பெயர் எஸ்.எம்.எஸ்ஸில் வரும். இன்று அது ஆப்பிள் கம்பெனியின் சொத்து.

அம்மாவிடம் அதன் பருப்பு வேகவில்லை. காரணத்தை மகன் சொன்னான். ஷஸாம் ஒரு ஒலிப்பதிவில் எந்த நொடியில் எந்த சுருதி ஓங்கி ஒலிக்கிறது என்பதைப் புள்ளிகளாகக் குறித்து, கைரேகை போலச் சேமித்து வைக்கிறது. நாம் கேட்க வைக்கும் சத்தத்தின் ரேகை அதோடு அச்சாகப் பொருந்த வேண்டும். அதே பாட்டை நீங்களோ நானோ பாடினால் ரேகை மாறிவிடும். எஸ்.பி.பி. பாடியதைக் கண்டுபிடிக்கும், நாம் குளியலறையில் பாடுவதைக் கண்டுபிடிக்காது. (கண்டுபிடிக்காமலிருப்பதே நல்லது என்பது என் மனைவியின் கருத்து.)

அடுத்து கூகிள். 2020 அக்டோபரில் அவர்கள் கொண்டுவந்த வசதி இது. மைக் படத்தைத் தொட்டு, பாட்டைத் தேடு என்ற பொத்தானை அழுத்தி, பத்துப் பதினைந்து நொடி முணுமுணுத்தாலோ சீட்டியடித்தாலோ போதும். குரல், வாத்தியம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஏற்ற இறக்கத்தை மட்டும் எண்களின் வரிசையாக மாற்றி, தன்னிடமுள்ள பாட்டுகளோடு ஒப்பிடுகிறது. சுருக்கமாகச் சொன்னால், பாட்டின் எலும்புக்கூட்டைப் பார்த்து ஆளைச் சொல்லும் ஜோசியம்.

மகன் போனைப் பாட்டியின் வாயருகே பிடித்தான். அம்மா முணுமுணுத்தார். போன் யோசித்தது. பிறகு ஒரு பட்டியல் வந்தது. முதலிடத்தில் ஒரு வங்காளப் பாட்டு! "பசந்தி, ஹே புவனமோகினி". ரவீந்திரநாத் தாகூர் பாட்டாம்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கொல்கத்தாவில் இருப்பதால் போனுக்கும் வங்காளம் தொற்றிக்கொண்டது என்றேன் நான். அம்மாவுக்கோ கோபம். அவர் இன்னும் உரக்க முணுமுணுத்தார். அப்போதுதான் பால்கனிப் பக்கமிருந்து ஒரு குரல். மாஷிமா! அம்மா எங்கே ராகம் இழுத்தாரோ அதே இடத்தில் வங்காள வார்த்தைகளோடு சேர்ந்து பாடிக்கொண்டே உள்ளே வந்தார். "தீதிக்கு எங்கள் குருதேவர் பாட்டு எப்படித் தெரியும்?" என்று ஆச்சரியத்தோடு கேட்டார்.

சிரிப்பு நின்றது. போன் சொன்னது சரியா?

எட்டயபுரத்திலிருந்து சாந்திநிகேதனுக்கு

மகன் மேலும் தேடினான். அரை மணியில் முழு விவரமும் கிடைத்தது. தாகூர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து சாந்திநிகேதனுக்குப் படிக்கப் போன மாணவி சாவித்திரி கிருஷ்ணன். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர். அவர் பாடிக் கேட்ட சில கீர்த்தனைகளின் மெட்டில் தாகூர் தாமே வங்காளத்தில் பாட்டு எழுதினார். "பசந்தி, ஹே புவனமோகினி" அவற்றில் ஒன்று. அதன் மூலம், முத்துசுவாமி தீட்சிதரின் "மீனாக்ஷி மே முதம்". பூர்விகல்யாணி ராகம். தீட்சிதர் மரபில் அதைக் கமகக்ரியா என்பார்கள்.

தீட்சிதர் பிறந்தது திருவாரூர். வாழ்ந்த காலம் 1775 முதல் 1835 வரை. அவர் கண்மூடிய ஊர் எது தெரியுமா? எட்டயபுரம். கடைசி நேரத்தில் சீடர்கள் பாட அவர் கேட்டது இந்தக் கீர்த்தனைதான் என்று சொல்வது வழக்கம். அவருடைய சமாதி இன்றும் அங்கே இருக்கிறது. அம்மாவின் பாட்டு வாத்தியார் ஏன் இதைக் கற்றுக் கொடுத்தார் என்பதும், இத்தனை பாட்டுகள் மறந்தபோதும் இது ஏன் மறக்கவில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எம்.எஸ். பாடிய பதிவைத் தேடிப் போட்டோம். முதல் அடி வந்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது. இடது கை தாளம் போட்டது. இரண்டாம் முறை போட்டபோது, உதடுகள் தடுமாறி, பிறகு தெளிவாக ஒரு வார்த்தை: "மீனாக்ஷி". நோய் வந்த பிறகு அம்மா வாயிலிருந்து பிசகாமல் வந்த முதல் சொல். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். மாஷிமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் என்ன செய்தேன் என்று எழுதப் போவதில்லை.

மறுநாளிலிருந்து தினமும் மாலை, ஒரே மெட்டை மாஷிமா வங்காளத்திலும் அம்மா சமஸ்கிருதத்திலும் பாடினார்கள். முதலில் நாலு வார்த்தை. பிறகு எட்டு. "தண்ணி", "போதும்", "வா ராசா" என்பதையெல்லாம் பேச்சுப் பயிற்சியாளர் ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. இன்றும் அம்மா தேடித் தேடித்தான் பேசுகிறார். ஆனால் பேசுகிறார்.

விளையாட்டும் வினையாகாமல்

வலது கை விரல்களுக்கும் பயிற்சி வேண்டுமே? மகன் தன் போனில் டெட்ரிஸ் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி அடுக்கும் விளையாட்டு. 1980-களில் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் உருவாக்கியது. அதில் வரும் இசையைக் கேட்டு அம்மா தலையாட்ட ஆரம்பித்தார். விசாரித்தால், "கொரொபெய்னிகி" என்ற பழைய ரஷ்ய நாட்டுப்புறப் பாட்டாம். 1989-இல் வந்த கேம்பாய் கருவி மூலம் உலகமெல்லாம் பரவியது. அம்மா அதைக் காவடிச் சிந்து மாதிரி இழுத்து முணுமுணுப்பார். ரஷ்யக்காரர் கேட்டால் திகைத்துப் போவார்.

விளையாட்டு இசை என்றால் வெறும் "டொய்ங் டொய்ங்" என்று நினைத்திருந்தேன். 1985-இல் வெளியான சூப்பர் மாரியோவுக்கு ஜப்பானியர் கோஜி கோண்டோ அமைத்த மெட்டை, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2023-இல் தேசிய ஒலிப்பதிவுக் களஞ்சியத்தில் சேர்த்தது. வீடியோ விளையாட்டு இசைக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் தடவை. 2025-இல் மைன்கிராஃப்ட் விளையாட்டின் இசைக்கும் அந்த மரியாதை. இதை மகன் என்னிடம் சொன்ன தோரணையைப் பார்க்க வேண்டுமே, தீட்சிதருக்குத் தானே பட்டம் கொடுத்தது போல!

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை ஒரு போட்டி. இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீத் நடத்திய "பாட்டுக்குப் பாட்டு" நினைவிருக்கிறதா? அதற்குத் தம்பி. ஒருவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டின் முன்னிசையை ஐந்தே நொடி ஒலிக்க விடுவார். மற்றவர்கள் பாட்டைச் சொல்ல வேண்டும். ஐந்து நொடியில் சொன்னால் மூன்று மதிப்பெண், பத்தில் இரண்டு, பதினைந்தில் ஒன்று. ஒருவர் தன் காலத்துப் பாட்டை மட்டுமே போடக்கூடாது, ஒன்றுவிட்டு ஒன்று அடுத்த தலைமுறையின் பாட்டு என்பது விதி. இதில்தான் இரகசியம் இருக்கிறது. தோற்காமல் இருக்க வேண்டுமென்றே என் மகன் இளையராஜா பாட்டுகளை இரகசியமாகக் கேட்டுப் பயிற்சி எடுக்கிறான். "தமிழ்ப் பாட்டு கேள்" என்று நான் பத்து வருடம் சொல்லி நடக்காதது, மூன்று மதிப்பெண்ணுக்காக நடக்கிறது!

சில உபாயங்கள்

அனுபவத்தில் கற்றவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. ஒரே பாட்டைப் பல எழுத்தில் தேடுங்கள். தமிழ்ப் பாட்டை இங்கிலீஷில் எழுதுவோர் 'ழ'வுக்கு ஒருவர் 'எல்' போடுவார், இன்னொருவர் 'இசட் எச்' போடுவார். கிடைக்கவில்லை என்றால் தமிழிலேயே தட்டுங்கள். அல்லது படத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

2. ஆளுக்கொரு கணக்கு வையுங்கள். பல செயலிகளில் குடும்பச் சந்தா உண்டு. தானாக அடுத்த பாட்டுக்குத் தாவும் வசதியை அமைப்புகளில் போய் அணைத்துவிட்டால், சுப்ரபாதத்துக்குப் பின் என்ன வருமோ என்ற பயம் இல்லை.

3. பாட்டு மட்டும் கேட்க வேண்டுமானால் வீடியோ எதற்கு? ஒலி மட்டும் என்றால் 160 கிலோபிட் தரத்தில் மணிக்குச் சுமார் 72 எம்.பி. செலவாகும். 320 கிலோபிட் என்றால் 144 எம்.பி. வீடியோ இதைப் போலப் பல மடங்கு விழுங்கும். போன் சார்ஜும் சீக்கிரம் இறங்கும்.

4. ரயில் ஏறுமுன் வீட்டு வை-ஃபையில் பாட்டுகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சிக்னல் போனாலும் பாட்டு நிற்காது.

5. அப்படி இறக்கியவை நம் சொத்தல்ல. சந்தா நின்றால் அவையும் நின்றுபோகும். செயலியே மூடப்படுவதும் உண்டு. விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் 2024-இல் அறிவித்தது நினைவிருக்கும். ஆகவே, பிடித்த பாட்டுகளின் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நோட்டுப் புத்தகத்தை யாரும் மூட முடியாது.

6. "இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள்" என்று கண்ணைச் சிமிட்டும் பொத்தான்களைத் தொடாதீர்கள். பாட்டு தருகிறேன் என்று ஓ.டி.பி. கேட்பவன் பாட்டுக்காரன் அல்ல.

7. காதைக் காப்பாற்றுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஹெட்போன் போட்டவர் காதில் ஒலிப்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்டால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். விளையாடும் பிள்ளைகளின் கருவியில் ஒலி உச்சவரம்பை நீங்களே வைத்துவிடலாம்.

8. பழைய இசைத்தட்டுப் பிரியர்களுக்கு: இண்டர்நெட் ஆர்கைவ், ஆர்கைவ் ஆஃப் இண்டியன் மியூசிக் ஆகியவற்றில் நூற்றாண்டுக்கு முந்தைய பதிவுகள்கூட உண்டு. கௌஹர் ஜான் 1902 நவம்பரில் நம் கல்கத்தாவில் பாடிப் பதிவானதைக் கேளுங்கள். அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். நம் பாட்டிமார் ஊரில் கிராமபோனில் கேட்ட எத்தனையோ தமிழ்ப் பாட்டுகளின் எச்.எம்.வி. தட்டுகள் அச்சானது இங்கே டம்டம் தொழிற்சாலையில்தான். நாம் பிழைக்க வருவதற்கு முன்பே, நம் பாட்டுகள் இங்கிருந்து ஊருக்குப் போயிருக்கின்றன!

ஒரு பாதி கேஸட்

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

அம்மா தேறி வந்தபோது, பரணிலிருந்த டிரங்குப் பெட்டியைக் கைகாட்டினார். உள்ளே நாப்தலின் உருண்டை வாசனையோடு பதினெட்டுக் கேஸட்டுகள். ஒன்றின் மேல் அப்பாவின் கையெழுத்தில், "நவராத்திரி, 1987, வீட்டில்" என்று இருந்தது. கொலுவின் முன் அம்மா பாடியதை அப்பா பதிவு செய்தது. அதை இண்டர்நெட்டில் எங்கே தேடினாலும் கிடைக்காது. உலகத்திலேயே ஒரு பிரதிதான்.

"இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடேன்" என்று அம்மா நாலைந்து வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆகட்டும்மா, அடுத்த லீவுல" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால் டேப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அவசரத்தில் அப்படியே பிளேயரில் போட்டேன். இரண்டு நிமிடம் ஓடியது. பிறகு உருளையில் சுற்றிக்கொண்டு அறுந்தது.

தெரிந்தவர் ஒருவர் நிதானமாகப் பிரித்து, அறுந்த இடத்தை ஒட்டிக் கொடுத்தார். முதல் பக்கம் தப்பியது. மறுபக்கத்தின் பெரும்பகுதி சுருங்கி, வெறும் இரைச்சலாகிவிட்டது. "மீனாக்ஷி மே முதம்" முதல் பக்கத்தின் கடைசியில் இருந்தது. முப்பத்தைந்து வயது அம்மாவின் குரலில், பல்லவியும் அனுபல்லவியும். சரணம் ஆரம்பித்ததும் "டக்". மீதி மறுபக்கத்தில் இருந்திருக்கும்.

உங்களுக்கு இது நேரக்கூடாது. வேலை கடினமல்ல. டேப்பை முதலில் கண்ணால் பாருங்கள். பூஞ்சையோ சுருக்கமோ இருந்தால் போடாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால், பென்சிலை விட்டுச் சுற்றித் தளர்ச்சியை எடுங்கள். பிளேயரின் ஹெட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர், நடுவில் யு.எஸ்.பி.யில் செருகும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று. சாந்தினி மார்க்கெட்டில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யுங்கள். அறுபது நிமிட கேஸட்டுக்கு அறுபது நிமிடம் ஆகும், குறுக்கு வழி இல்லை. முதலில் வேவ் வடிவில் சேமியுங்கள், சுமார் 600 எம்.பி. வரும். அதுதான் மூலப்பிரதி. குடும்பத்தாருக்கு அனுப்ப எம்.பி.3 வடிவில் ஒன்று, 128 கிலோபிட்டில் 60 எம்.பி.க்குள் அடங்கும். இரண்டு வேறு இடங்களில் பிரதி வையுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருடம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். இருபது வருடம் கழித்துக் கேட்கும் பேரனுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரிய வேண்டாமா?

சினிமாப் பாட்டுகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவற்றைக் காப்பாற்ற ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தாத்தா பேசியது, அத்தை பாடிய தாலாட்டு, பிள்ளையின் முதல் மழலை - இவற்றை நாம்தான் காப்பாற்ற வேண்டும். உங்கள் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்குங்கள். அடுத்த லீவுக்கு என்று வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் அந்தப் பாதிப் பாட்டை அடிக்கடி போடுகிறோம். சரணம் ஆரம்பித்து "டக்" என்று நின்றதும், இன்றைய அம்மா விட்ட இடத்திலிருந்து தொடர்வார். வார்த்தைகள் தடுமாறும். எங்கே தடுமாறுகிறதோ அங்கே இப்போது ஒரு குரல் எடுத்துக் கொடுக்கிறது. என் மகனுடையது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பாட்டியிடம் அவன் முதலில் கற்றுக்கொண்ட கீர்த்தனை அது.